வியாழக்கிழமை மணப்பெண்

அக்டோபர் 30, ஞாயிறு

ஹஸ்கேல் அனுப்பிய இணைப்பைத் தொட்டதும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்துவிட்டேன். எல்லாரும் யூதப் பெண்கள். இந்த வருடம் கல்யாணம் முடித்தவர்களும் முடிக்கப் போகிறவர்களும். மும்பை, அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் என்று ஊருக்கு ஒருத்தியாகச் சிதறிக் கிடக்கிறோம், பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. கல்யாண ஒப்பந்தம் யார் எழுதுவது, பந்தலுக்கு என்ன துணி, எங்கள் முறைப்படி கோஷர் சமையலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, இதெல்லாம் பேசுகிறார்கள். நடுநடுவே உதட்டுச்சாயம்.

நான் நுழைந்ததுமே யாயேல் என்ற பெங்களூர்ப் பெண், "வாங்க ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்டாள். என் படத்தில் மூக்குக்கண்ணாடியும் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "டிசம்பர் பதினைந்து" என்று மட்டும் எழுதினேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் யாரோ பெற்ற பொண்ணுதான்.

மகள் ரின்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது வேலை அதிகம்.

நவம்பர் 1, செவ்வாய்

ரின்னாவைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாள். நல்லதாய்ப் போயிற்று.

நவம்பர் 4, வெள்ளி

ஹஸ்கேல் வந்தார். வழக்கம்போல் அவரே சுட்ட ரொட்டியோடு. இந்த ரொட்டியை வெட்டத் தனியாக ஒரு கத்தி வைத்திருக்கிறேன்.

இந்த மனிதர் மும்பைப் பக்கத்துத் தாணேக்காரர். நெசவு இயந்திரம் பூட்டிக் கொடுக்க முப்பது வருடங்களுக்கு முன் கோயம்புத்தூர் வந்து, இங்கேயே தங்கிவிட்டார். தமிழை மில் ஆட்களிடம் கற்றதால் எதற்கும் யாருக்கும் 'ங்க' போடுவார். எங்கள் தெருப் பூனையிடம்கூட "தள்ளிப் போங்க" என்றுதான் சொல்வார். எங்கள் குடும்பம் எறணாகுளத்திலிருந்து வந்தது. வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ், பிறகு நானே அந்தப் பள்ளியில் புவியியல் டீச்சர். என் கணவர் எலியாஸ் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஹஸ்கேலின் மனைவி அதற்கு மூன்று வருடம் கழித்துப் போனார். ஓய்வு நாள் வெள்ளி மாலையில் தொடங்கும்போது தனியாக உட்கார்ந்து ஆசி சொல்வது கொடுமை என்பதால் அவர் இங்கே வந்து சாப்பிடுவது வழக்கமாயிற்று.

ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை மட்டும் போதலைங்க டீச்சர். மத்த நாளும் வரலாமுங்களா?" என்றார். யோசிக்கிறேன் என்றேன். யோசித்து முடிக்க ரொம்ப நாளாயிற்று. கடைசியில், இந்த வயதில் ஆளுக்கொரு கேஸ் இணைப்பு எதற்கு, இரண்டு வீட்டு வாடகை எதற்கு என்று கணக்குப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

இன்று வெளிர் பச்சைச் சட்டை. புதிது. நரைத்த தலைக்கு அந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்று ஒரு தகவலாக மட்டும் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 8, செவ்வாய்

குழுவில் கிழமைச் சண்டை. கொச்சிப் பக்கம் எங்களுக்குச் செவ்வாய்தான் நல்ல நாள். வேதத்தில் படைப்பின் மூன்றாம் நாளான செவ்வாயில் 'நன்று' என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறதாம். என் முதல் கல்யாணம் செவ்வாயில்தான் நடந்தது. அகமதாபாத் எலிஷெபா ஞாயிறு என்கிறாள். விருந்தாளிகளுக்கு லீவாம்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல ஏன் வியாழக்கிழமை?" என்று யாயேல் கேட்டாள்.

கன்னிப் பெண்ணுக்குப் புதன், கைம்பெண்ணுக்கு வியாழன் என்று பழைய நூலில் இருக்கிறது என்று தாணேப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னதால் வியாழன். அதை எப்படி எழுதுவது? "மாப்பிள்ளை வீட்டு வசதி" என்று எழுதினேன்.

நவம்பர் 11, வெள்ளி

நல்ல செய்தி. கல்கத்தாப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள், சில நாட்டு யூதர்களிடம் அப்பாவோ அம்மாவோ மறுமணம் செய்தால் முதல் கல்யாணத்துப் பிள்ளைகள் அதற்கு வரக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாம். வழக்கம் என்று ஒன்று இருக்கும்போது நாம் என்ன செய்ய முடியும்? ரின்னாவிடம் பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜனவரியில்கூடச் சொல்லலாம்.

ஹஸ்கேலிடம் இதைச் சொன்னேன். ரொட்டியை மென்று முடிக்கும் வரை பேசவில்லை. அதற்கு நேரம் பிடிக்கும்.

"நம்ம ரெண்டு பக்கமும் அப்படி ஒண்ணும் கிடையாதுங்க டீச்சர்."

"தெரியாம இருந்திருக்கும்."

"பாப்பாகிட்டச் சொல்ல பயமுங்களா?"

எனக்கா பயம்? ஒன்பதாம் வகுப்பை முப்பது வருடம் மேய்த்தவள் நான். இதை அவரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என் தட்டையும் சேர்த்துக் கழுவினார். அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நவம்பர் 15, செவ்வாய்

மணப்பெண்ணின் செருப்பு பற்றிப் பேச்சு. எல்லாரும் குதிகால் உயர்ந்ததைச் சொன்னார்கள். "எங்க பொண்ணுக்கு மூட்டு வலி, தட்டைச் செருப்புதான் ஆகும்" என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், குழுவே கலங்கிப்போனது. இந்த வயதிலா ஆன்ட்டி, வைட்டமின் பார்த்தீர்களா, டென்னிஸ் ஆடுவாளா என்று ஆளாளுக்கு விசாரணை. எலிஷெபா தனக்குத் தெரிந்த டாக்டரின் எண்ணை அனுப்பினாள். குறித்து வைத்துக்கொண்டேன், எப்படியும் பயன்படும்.

"மாப்பிள்ளை எப்படி ஆன்ட்டி?"

"நல்ல மாதிரி. பொறுமைசாலி. பல்லெல்லாம் சொந்தம்."

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வடிக்கும் பொம்மைகளாக வந்து குவிந்தன. உங்களைப்போல ஒரு மாமியார் எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் என்றாள் யாயேல்.

உங்களுக்கு ஒரே பொண்ணா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம், ரின்னா, பெங்களூரில் ஆர்க்கிடெக்ட் என்று எழுதினேன். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்.

நவம்பர் 22, செவ்வாய்

பெங்களூரில் இருக்கும் யூதர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

மத்தியானம் ரின்னா கூப்பிட்டாள். குரல் ரொம்பச் சாந்தமாக இருந்தது. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான், கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும்.

"அம்மா, எனக்குக் கல்யாணமாம்மா?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"யாயேல்னு ஒரு பொண்ணு ஆபீசுக்கே கேக் எடுத்துட்டு வந்தா. டிசம்பர் பதினஞ்சாம். வியாழக்கிழமையாம். எனக்கு மூட்டு வலியாம், எல்லார் முன்னாடியும் கையைப் பிடிச்சு நாற்காலில உக்கார வெக்கிறா. மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் சொந்தமாம். இவ்வளவு தூரம் வந்தாச்சுன்னா, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணு, அது வந்து..."

"நாளைக்குக் காலைல வர்றேன். அந்த மாப்பிள்ளையையும் வரச் சொல்லி வை."

ஹஸ்கேலுக்குச் சொல்லிவிட்டேன். "வெள்ளைச் சட்டையா, பச்சைச் சட்டையா போடட்டுமுங்க?" என்று கேட்டார். இந்த நிலைமையில் கேட்கிற கேள்வியா இது? பச்சை என்றேன்.

நவம்பர் 23, புதன்

பையை வைத்த கையோடு சமையலறைக்கு வந்து நின்றாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தேவையே இல்லை, ஆனாலும் துருவினேன்.

"கல்யாணம் உனக்கில்ல, கண்ணு."

"அப்புறம் யாருக்கு?"

"எனக்கு."

ஒரு மூடி முழுக்கத் துருவி முடித்தேன். பிறகு, "யாரு? அந்த ரொட்டியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரும்போல உதடு கோணியது, சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. ரின்னாவே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் பச்சைச் சட்டை, கையில் ஆரஞ்சுப் பழங்கள்.

"வணக்கமுங்க. நான்தானுங்க அந்த மாப்பிள்ளை."

"உள்ள வாங்க அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். பழங்களை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கிளம்பும்போது சாத்திய கதவைப் பார்த்து, "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில்தான் பேசினாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி மெல்போர்ன்ல ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டுச்சு. நான் ஆசைப்பட்ட வேலை. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டி? என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ போன்னுதான் சொல்லுவ. நீ இங்க ஒத்தைல இருக்கியேன்னு நான் தினம் நெனச்சுட்டு இருந்தேன். நீ ஒத்தைல இல்லவே இல்ல."

ரசம் ஊற்றிக்கொண்டாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"அவர் எப்போ கேட்டார்?"

"அதுவும் ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள்?"

"மழைக்காலம் முடியட்டும்னு இருந்தேன்" என்றேன்.

அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டதோ வேறு.

"குழுவுல இருக்கிற முகம் தெரியாத பொண்ணுங்களுக்கெல்லாம் தேதி தெரியும். நான் உனக்கு அவங்களைவிட தூரமா?"

ஏற்கெனவே ரசம் இருந்த அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

நவம்பர் 24, வியாழன்

ரின்னா போய்விட்டாள். வருவாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆரஞ்சில் இரண்டை எடுத்துப் போயிருக்கிறாள்.

நவம்பர் 27, ஞாயிறு

குழுவில் எழுதினேன். "கல்யாணப் பெண் என் மகள் இல்லை. நான்தான். வயது ஐம்பத்தாறு. பெயர் சிப்போரா. உங்களைக் குழப்பியதற்கு மன்னிக்கவும்."

போனை அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் யாயேலிடமிருந்து ஒரே கேள்வி.

"அப்போ அந்தப் பல்?"

"அது உண்மை."

அதற்குப் பிறகு யாரும் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. இது எவ்வளவு பெரிய தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. ஆன்ட்டியிடம் கேட்கக் கூசிய கேள்விகளையெல்லாம் கேட்கிறார்கள். முதலில் யார் சொன்னது, எங்கே வைத்து, அவர் கையைப் பிடித்தாரா. கையில் சோப்பு இருந்தது என்று எழுதினேன். அதற்கும் பொம்மைகள்.

எலிஷெபாதான் காரியமாகக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண் ஊற்று நீரிலோ கடலிலோ முழுக வேண்டும், வேறொரு பெண் கூட நின்று, ஒரு முடிகூட மேலே மிதக்காமல் முழுகினாளா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "உங்க கூட யார் வருவாங்க?"

பார்க்கலாம் என்று எழுதினேன்.

டிசம்பர் 2, வெள்ளி

ரொட்டியைக்கூட வெட்டாமல் ஹஸ்கேல் சொன்னார். "தேதியைத் தள்ளி வெச்சுக்கலாமுங்க டீச்சர். பாப்பா மனசு ஆறட்டும். எறணாகுளம் ஜெப ஆலயத்துல நான் பேசிக்கறேன். எங்க ஆளுங்க டிக்கெட்டையும் மாத்திக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு ஆனாலும். நான் காத்திருப்பேனுங்க."

"என்னால முடியாது" என்றேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. கேஸ் இணைப்பை ஒப்படைக்க ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டார், அதனால்தான் இருக்கும்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசை முழுக்கத் தெரிந்தது.

டிசம்பர் 8, வியாழன்

ரின்னா குழுவில் சேர்ந்திருக்கிறாள். யாயேல் வேலை. அந்த கேக்குக்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்களாம், இது எனக்கு இன்றுதான் தெரிகிறது.

ரின்னா எழுதியது இவ்வளவுதான். "நான் பெண் வீட்டுக்காரி. எங்க பொண்ணுக்கு அடர் நீலம் பொருந்தாது, யாரும் ஏத்திவிடாதீங்க. அரக்கு நல்லாயிருக்கும். கடலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குத் தனியாக ஒரு வரிகூட அனுப்பவில்லை. வாங்கி வைத்திருந்த நீலச் சேலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அரக்கு வாங்கி வந்தேன். கடைக்காரப் பையன், "யாருக்குங்க மேடம்?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அவன் கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

டிசம்பர் 14, புதன்

எறணாகுளம். காலையில் ரின்னா வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து செராய் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகப் பார்த்து நிறுத்தினாள். வழியெல்லாம் பேசியது சாலைக் குழிகளைப் பற்றி மட்டும்தான்.

தண்ணீருக்கும் உடம்புக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. கம்மல், வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றிக் கொடுத்தேன். மோதிரம் மட்டும் வரவில்லை. எலியாஸ் போட்டது. விரல் தடித்துப்போய் அது பல வருடமாக அப்படியே கிடக்கிறது. கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கவே இல்லை என்று எழுதுகிறேன், அப்படியே இருக்கட்டும்.

ரின்னா கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்தாள். ஆக, அவள் யோசித்திருக்கிறாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருகித் திருகி எடுத்தாள். விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்துப்போய், வேறு யாருடைய தோலோ மாதிரி இருந்தது. அவள் அதைத் தன் நடுவிரலில் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கோவம் வராதும்மா" என்றாள். "வந்தாலும் குரல்தான இறங்கும்."

இடுப்பளவு தண்ணீரில் அவள் போர்வையை விரித்துத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் நைட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். என் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்தாள்.

"இது நானா?"

"நீதான். உனக்குத் தலை பெரிசு."

முழுகி எழுந்தேன். "முடி மிதக்குது. செல்லாது" என்றாள். மறுபடி முழுகினேன். "உக்காந்து முங்கும்மா, என்னமோ கோழி தண்ணி குடிக்கிற மாதிரி முங்குற." எழுந்து ஆசியைச் சொன்னேன். ஒரு அலை வந்து பாதி வார்த்தையை விழுங்கிற்று. மூன்றாம் தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடிமணலில் கை படும்வரை போனேன்.

சரியாக முழுகினால் கூட நிற்பவள் கோஷர் என்று சொல்ல வேண்டும், குறையில்லை என்று அர்த்தம். எழுந்து பார்த்தேன். போர்வை முழுவதும் நனைந்து கனத்துப்போயிருந்தது. ரின்னா அதை என் தோளில் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதருகே சொன்னாள்.

"கோஷர்."

டிசம்பர் 15, வியாழன்

கல்யாணம் முடிந்தது. தாணேயிலிருந்து ஹஸ்கேலின் தம்பிகளும் மச்சான்களும் வந்து சடங்குக்குப் பத்து ஆண்களாவது வேண்டுமே என்ற கவலையைத் தீர்த்தார்கள். மணமக்கள் தலைக்குமேல் பிடிக்கும் துணிப் பந்தலுக்கு நான்கு கோல். ஒன்றை யாயேல் பிடித்தாள், ஒன்றை ரின்னா. மற்ற இரண்டை மச்சான்கள். பந்தல் ரின்னா பக்கமாகவே சாய்ந்திருந்தது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்.

ஒப்பந்தம் வாசிக்கையில் கைம்பெண் என்ற சொல் வரும் இடத்தில் தாணேப் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். சத்தமாகவே சொல்லுங்கள், எலியாஸும் நானும் நன்றாகத்தான் வாழ்ந்தோம் என்று சொல்லத் தோன்றியது.

கடைசியில் மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்க வேண்டும். ஹஸ்கேல் மிதித்தார், உடையவில்லை. இன்னொரு தடவை மிதித்தார். "அங்கிள், குதிகால்ல போடுங்க" என்றாள் ரின்னா. "சரிங்க" என்று அவர் போட்டதில் குவளை தூளாயிற்று.

கால் வலி எப்படி இருக்கிறது என்று எலிஷெபா அகமதாபாத்திலிருந்து கேட்டிருக்கிறாள். எனக்கில்லை, அவருக்கு என்று பதில் போட்டேன்.

டிசம்பர் 16, வெள்ளி

காலையில் ரின்னாவை ரயில் ஏற்றிவிட்டோம். கல்யாணத்துக்கு மறுநாள் ஊருக்குப் போகிறவள் அவள், ஸ்டேஷனில் அழுதவள் கல்யாணப் பெண். ஹஸ்கேல் கைக்குட்டை கொடுத்தார், கஞ்சி போட்டு மடித்தது. கன்னத்தைக் கீறிவிட்டது.

ஜன்னல் வழியாக ரின்னா அவருக்குப் பாடம் எடுத்தாள். "காலைல மொதல் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்கன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

"அது தெரியுமுங்க" என்றார் அவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கூட்டணி பிடிக்கவில்லை.

டிசம்பர் 20, செவ்வாய்

கோயம்புத்தூர். அவருடைய சாமான்கள் வந்து இறங்கின. எல்லாம் ஸ்பேனர்.

சாயங்காலம் ரின்னா வீடியோவில் வந்தாள். மெல்போர்ன்காரர்களுக்கு மறுபடி எழுதியிருந்தாளாம், இடம் இருக்கிறது, பிப்ரவரியில் வா என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

"இப்பத்தான் மெயில் வந்துச்சு, மா. இன்னும் ஷூகூட கழட்டல. மொதல்ல உனக்குத்தான் சொல்றேன்."

"ரொம்ப சந்தோஷம், கண்ணு" என்றேன். வேலை என்ன, குளிர் எப்படி, எல்லாம் ஒழுங்காக விசாரித்தேன். தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி கோடைக்காலம், கம்பளி இப்போது வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு சந்தோஷம் இல்ல, கண்ணு. நீ போறது எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா நீ போகணும்."

இப்படி நான் அவளிடம் பேசியதே இல்லை. அவள் உதடு கோணியது, இந்தத் தடவை அழுதேவிட்டாள். நானும்தான். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதோம்.

ஹஸ்கேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று, ரின்னாவுக்கு ஒன்று. அவளுடையதை போனுக்கு முன்னால் வைத்து, "குடிங்க, ஆறிப்போயிடுமுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பிறகு அதை அவரே குடித்தார்.